கம்பெனி ஆரம்பிக்கப் பத்துப் பேர் போதும்... நடத்துவதற்கு?

“மாமா, ஆதார் ஜெராக்ஸ் ஒண்ணு, பான் கார்டு ஜெராக்ஸ் ஒண்ணு, ரெண்டு போட்டோ குடுங்க. நம்ம ஊரு விவசாயிங்க எல்லாம் சேர்ந்து கம்பெனி ஆரம்பிக்கிறோம். உங்களையும் டைரக்டரா போட்டிருக்கு.”

“அதெல்லாம் எனக்கென்னப்பா தெரியும்?”

“நீங்க ஒண்ணும் செய்ய வேணாம் மாமா. கையெழுத்துப் போட்டா போதும்.”

உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் பிறக்கும்போது பல கிராமங்களில் நடக்கிற பேச்சு இதுதான். போட்டோ கொடுத்தவர் அதை மறந்துவிட்டு வெங்காயத்துக்குத் தண்ணீர் கட்டப் போய்விடுவார். சில வருடங்கள் கழித்து, கணக்கு தாக்கல் செய்யவில்லை என்று கம்பெனிப் பதிவாளர் அலுவலகத்திலிருந்து கடிதம் வரும்போதுதான், தான் ஒரு கம்பெனிக்கு டைரக்டர் என்பதே அவருக்கு நினைவுக்கு வரும்.

விவசாயிகள் சேர்ந்து கம்பெனி ஆரம்பிப்பது நல்ல விஷயம். சட்டமும் அதற்கு இடம் கொடுத்து, அரசும் பணம் கொடுக்கிறது. ஆனால், ‘எப்படிப் பதிவு செய்வது’ என்று கேட்கிறவர்கள் அளவுக்கு, ‘பதிவு செய்த பிறகு வருடா வருடம் என்ன செய்ய வேண்டும்’ என்று கேட்கிறவர்கள் இல்லை. சிக்கல் அந்த இரண்டாவது கேள்வியில்தான் இருக்கிறது.

முதலில், கம்பெனி தேவையா?

வீட்டில் ஒரு மரச்செக்கு வைத்து எண்ணெய் ஆட்டி விற்கும் குடும்பத்துக்குக் கம்பெனி வேண்டியதில்லை. சொந்தப் பெயரில் தனிநபர் தொழிலாக நடத்தலாம். உத்யம் பதிவை இணையத்தில் இலவசமாகச் செய்துகொள்ளலாம். உணவுப் பொருள் என்பதால் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு அவசியம். தொழில் பெயரில் ஒரு நடப்புக் கணக்கும் இருந்துவிட்டால் ஆரம்பத்துக்கு அது போதும். அண்ணன் தம்பி இரண்டு பேர், அல்லது நண்பர்கள் மூன்று பேர் பணம் போட்டு அரைவை ஆலை வைக்கிறார்கள் என்றால் கூட்டாண்மைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்துகொள்ளலாம். தொழிலில் நஷ்டம் வந்தால் வீடு, நிலம் வரை கடன்காரர் கை வைக்கக் கூடாது என்று நினைப்பவர்கள், எல்.எல்.பி எனப்படும் வரையறுக்கப்பட்ட பொறுப்புக் கூட்டாண்மைக்குப் போகலாம். அதற்கு இரண்டு பேர் போதும். ஆனால் அதற்கும் ஆண்டுக் கணக்கு தாக்கல் உண்டு என்பதை மறக்கக் கூடாது.

ஒரே பயிரைச் செய்கிற நூறு பேர், முந்நூறு பேர் சேர்ந்து விளைபொருளை மொத்தமாக விற்க வேண்டும், உரத்தையும் விதையையும் மொத்தமாக வாங்க வேண்டும் என்று நினைக்கும்போதுதான் உற்பத்தியாளர் கம்பெனி பொருத்தமாக இருக்கும். கூட்டுறவுச் சங்கம் என்ற பழைய வழியும் இருக்கிறது. ஆனால், சங்கத் தேர்தல், அலுவலர் மேற்பார்வை என்று அதில் அரசின் கை அதிகம். சாதாரண பிரைவேட் லிமிடெட் கம்பெனி என்றால், அதிகப் பங்கு வைத்திருப்பவர் சொல்வதுதான் நடக்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி வேண்டும் என்று பொருளாதார அறிஞர் ஒய்.கே.அலக் தலைமையிலான குழு பரிந்துரைத்ததன் பேரில் 2002-ல் கம்பெனிச் சட்டத்தில் திருத்தம் வந்தது. 2003 பிப்ரவரியில் அது நடைமுறைக்கு வந்தது. இப்போது 2013-ம் ஆண்டு கம்பெனிச் சட்டத்தில், 2020-ம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் தனி அத்தியாயமாகவே சேர்க்கப்பட்டிருக்கிறது.

இந்தச் சட்டத்தில் விவசாயிக்குச் சாதகமான விஷயங்கள் சில உண்டு. தனிநபர்கள் உறுப்பினர்களாக உள்ள கம்பெனியில் ஆளுக்கு ஓர் ஓட்டு. பத்துப் பங்கு வைத்திருப்பவருக்கும் ஆயிரம் பங்கு வைத்திருப்பவருக்கும் அதே ஓர் ஓட்டுதான். பங்கை வெளியாளுக்கு விற்க முடியாது. இயக்குநர் குழுவின் முன் அனுமதியோடு, இன்னொரு செயல்படும் உறுப்பினருக்கு, முக மதிப்பில்தான் மாற்ற முடியும். ஆக, பணக்காரர் ஒருவர் வந்து பங்கை எல்லாம் வாரிக்கொண்டு போகும் பயம் இல்லை. கம்பெனியின் தொழிலுக்கு எதிரான வியாபார நலன் உள்ளவர் உறுப்பினராகவே சேர முடியாது. வெங்காயக் கம்பெனியில் வெங்காயக் கமிஷன் மண்டிக்காரர் சேரக் கூடாது என்று இதற்கு அர்த்தம். ‘அவர்தானே ஊரில் விவரம் தெரிந்தவர்’ என்று அவரையே டைரக்டராகப் போடும் ஊர்களும் உண்டு. அங்கே அடித்தளத்திலேயே கோணல் விழுந்துவிடுகிறது.

பதிவுக்கு முன் ஒரு பட்டம்

பெரம்பலூர் மாவட்டம் செட்டிகுளம் பக்கத்தை எடுத்துக்கொள்வோம். சின்ன வெங்காயத்துக்குப் பேர் போன பகுதி. அங்கே ஓர் ஊரில் இருபது பேர் ‘கம்பெனி ஆரம்பிக்கலாம்’ என்று உட்கார்ந்து பேசுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர்கள் மறுநாளே ஆடிட்டரைத் தேடிப் போவதைவிட, ஒரு பட்டத்து வெங்காயத்தைச் சேர்ந்து விற்றுப் பார்ப்பது நல்லது.

அப்போதுதான் விஷயங்கள் தெரியவரும். தாள் நறுக்கித் தரம் பிரிப்பதில் யார் ஒழுங்கு, பெரிய காயை மேலே போட்டுப் பொடிக்காயைச் சாக்குக்கு அடியில் போடுவது யார் என்பது வெளிப்படும். விலை ஏறும் என்று பட்டறையில் வைத்துக்கொண்டு, ‘எனக்கு மட்டும் அப்புறம் விற்றுக்கொள்கிறேன்’ என்று யார் ஒதுங்குவார்கள் என்பதும் தெரியும். வியாபாரி இருபது நாள் கழித்துப் பணம் கொடுத்தால் எத்தனை பேர் பொறுப்பார்கள்? மண்டியில் ஏற்கெனவே முன்பணம் வாங்கியவர்கள் எத்தனை பேர்? முன்பணம் வாங்கியவர் அந்த மண்டிக்குத்தான் போட்டாக வேண்டும். அவரைக் கணக்கில் சேர்த்துக்கொண்டு லாரி பேசினால் லாரி பாதி காலியாகத்தான் போகும்.

தமிழ்நாடு அரசு 2017-18-ல் கொண்டுவந்த கூட்டுப் பண்ணையத் திட்டமும் இந்த வரிசையில்தான் அமைக்கப்பட்டது. இருபது பேர் கொண்டது உழவர் ஆர்வலர் குழு. அப்படி ஐந்து குழுக்கள் சேர்ந்தால், நூறு பேர் கொண்ட உழவர் உற்பத்தியாளர் குழு. அந்தக் குழுவுக்குப் பண்ணை இயந்திரங்கள் வாங்க 5 லட்சம் ரூபாய் தொகுப்பு நிதி தரப்பட்டது. பத்துக் குழுக்கள் சேர்ந்து, ஆயிரம் பேரோடு நிறுவனம். கீழிருந்து மேலே கட்டுகிற முறை இது. இந்த வரிசையைத் தலைகீழாக்கி, முதலில் கம்பெனி, பிறகு உறுப்பினர், அதற்குப் பிறகு என்ன வியாபாரம் என்று யோசிப்பது என்று போன இடங்களில்தான் பெயர்ப் பலகை மட்டும் மிஞ்சியிருக்கிறது.

பதிவு செய்யும் வழி

பயிர் செய்கிறவர், கால்நடை வளர்ப்பவர், மீன் வளர்ப்பவர், தேனீ வளர்ப்பவர், கைத்தறி நெய்பவர் என எல்லோரும் சட்டத்தின் பார்வையில் உற்பத்தியாளர்கள்தான். அப்படிப் பத்துப் பேர் இருந்தால் கம்பெனியைப் பதிவு செய்யலாம். இயக்குநர்கள் குறைந்தது ஐந்து பேர், அதிகபட்சம் பதினைந்து பேர். உறுப்பினர் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு இல்லை.

ஒவ்வொருவருக்கும் பான் கார்டு, ஆதார், போட்டோ, முகவரிச் சான்றாகச் சமீபத்திய வங்கிக் கணக்கு விவரம் அல்லது மின்கட்டண ரசீது தேவை. விவசாயி என்பதற்குச் சிட்டா, அடங்கல் அல்லது கிராம நிர்வாக அலுவலரின் சான்று வேண்டும். தமிழ்நாட்டில் பாதி நாள் இழுப்பது இனிஷியலால்தான். ஆதாரில் ‘க.முருகன்’ என்றும், பான் கார்டில் அப்பா பெயரை விரித்துப் போட்டு வேறு மாதிரியும் இருக்கும். பத்திரங்களைச் சேர்க்கும் முன்பே ஒவ்வொருவரின் இரண்டு கார்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பெயர், பிறந்த தேதி ஆகியவற்றை எழுத்துக்கு எழுத்து பார்த்துவிட்டால் மாதக்கணக்கான அலைச்சல் மிச்சமாகும்.

அலுவலகத்துக்கு ஓர் இடம் வேண்டும். ஒருவர் வீட்டின் முன்னறையாகவும் இருக்கலாம். அந்த இடத்தின் மின்கட்டண ரசீது அல்லது வீட்டு வரி ரசீது, உரிமையாளரின் சம்மதக் கடிதம் ஆகியவை தேவை. கடிதங்கள் எல்லாம் அந்த முகவரிக்குத்தான் வரும் என்பதால் வருடத்துக்கு ஒருமுறை காலி செய்கிற வாடகை இடம் ஆகாது.

இதற்கு மேல் எல்லாம் இணையத்தில்தான். மத்திய அரசின் கார்ப்பரேட் விவகாரங்கள் அமைச்சக இணையதளத்தில் ‘ஸ்பைஸ் பிளஸ்’ என்ற படிவம் இருக்கிறது. அதன் முதல் பகுதியில் பெயர் கேட்க வேண்டும். அதற்குக் கட்டணம் 1,000 ரூபாய். இரண்டு பெயர்கள் வரை கொடுக்கலாம். ஏற்கெனவே உள்ள கம்பெனிப் பெயர், வணிகக் குறி ஆகியவற்றோடு ஒத்துப்போகக் கூடாது. பெயரின் கடைசியில் ‘புரொடியூசர் கம்பெனி லிமிடெட்’ என்று வர வேண்டும். பெயர் கிடைத்துவிட்டால் 20 நாள்கள் உங்களுக்காக ஒதுக்கி வைக்கப்படும். அதற்குள் இரண்டாம் பகுதியை முடிக்க வேண்டும். இயக்குநர் எண், கம்பெனியின் பான், டான் எண்கள், வங்கிக் கணக்கு எல்லாம் இந்த ஒரே விண்ணப்பத்திலேயே அடங்கும். படிவத்தில் கையெழுத்துப் போட டிஜிட்டல் சிக்னேச்சர் தேவை. இவற்றை ஆடிட்டரோ, கம்பெனி செக்ரட்டரியோதான் செய்து கொடுப்பார்கள். விண்ணப்பம் ஹரியானா மாநிலம் மானேசரில் உள்ள மத்தியப் பதிவு மையத்தில் பரிசீலிக்கப்பட்டு, பதிவுச் சான்றிதழ் மின்னஞ்சலில் வந்துவிடும். யாரையும் போய்ப் பார்க்க வேண்டிய வேலை இல்லை. ‘ஆபீஸில் கொடுக்க வேண்டும்’ என்று யாராவது தனியாகப் பணம் கேட்டால் ரசீது கேளுங்கள்.

மூலதனத் தொகை விஷயத்தில் ஒரு யோசனை. அங்கீகரிக்கப்பட்ட மூலதனம் 15 லட்சம் ரூபாய் வரை உள்ள கம்பெனிக்கு மத்திய அரசின் பதிவுக் கட்டணம் கிடையாது. முத்திரைத் தீர்வையும், தொழில்முறை ஆட்களின் கூலியும்தான் செலவு. இதைத் தெரியாமல் 1 லட்சம் ரூபாய் என்று பதிவு செய்துவிட்டு, முந்நூறு பேர் ஆளுக்கு 1,000 ரூபாய் கொண்டுவந்து நிற்கும்போது, பங்கு கொடுக்க இடமில்லாமல் மறுபடியும் தீர்மானம், கட்டணம் என்று அலைகிறவர்கள் உண்டு. எத்தனை பேர் சேர்வார்கள், ஆளுக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டு, முதலிலேயே தாராளமாக வைத்துக்கொள்ளலாம்.

டிஜிட்டல் சிக்னேச்சர் ஒரு சின்னப் பென்டிரைவ் போல வரும். அதை ஐந்து டைரக்டர்களும் ஆடிட்டர் ஆபீஸ் மேஜை டிராயரிலேயே விட்டுவிட்டு வருவதுதான் வழக்கமாகியிருக்கிறது. அது உங்கள் கையெழுத்து. கையெழுத்துப் போட்ட வெற்றுக் காசோலையை யாரும் அடுத்தவர் டிராயரில் விட்டுவிட்டு வருவதில்லை.

சான்றிதழ் வந்த மறுநாளிலிருந்து

சான்றிதழ் கையில் வந்ததும் ஊரில் மேடை போட்டு மாலை மரியாதை நடக்கும். நடக்கட்டும். ஆனால், அன்றிலிருந்து கடிகாரம் ஓட ஆரம்பித்துவிடும். 30 நாள்களுக்குள் இயக்குநர் குழு கூடி முதல் ஆடிட்டரை நியமிக்க வேண்டும். 90 நாள்களுக்குள் முதல் பொதுக்குழு கூட வேண்டும். இயக்குநர் தேர்தலும் அதே 90 நாளுக்குள். பதிவில் கையெழுத்துப் போட்டவர்கள் தாங்கள் ஒப்புக்கொண்ட பங்குத் தொகையைக் கம்பெனியின் வங்கிக் கணக்கில் கட்டி, 180 நாள்களுக்குள் தொழில் தொடங்கும் அறிவிப்பைத் தாக்கல் செய்ய வேண்டும். ‘ஐ.என்.சி-20ஏ’ என்பது அதற்கான படிவம். இதைத் தவறவிட்டால் கம்பெனிக்கு 50,000 ரூபாய் அபராதம். பொறுப்பில் உள்ளவர்களுக்கு நாளொன்றுக்கு 1,000 ரூபாய் வீதம், 1 லட்சம் ரூபாய் வரை தனி அபராதம். பங்குப் பணத்தைக் கணக்கில் கட்டாமல் ஒருவர் பையிலேயே வைத்திருந்து இந்தத் தேதியைக் கோட்டைவிடுவது நடக்கிறது.

அதன் பிறகு ஒவ்வொரு வருடமும் மார்ச் 31-ல் கணக்கை முடித்து, ஆடிட் செய்து, பொதுக்குழுவைக் கூட்ட வேண்டும். கூட்டத்துக்கு 14 நாள் முன்பே அறிவிப்புப் போக வேண்டும். மொத்த உறுப்பினர்களில் நான்கில் ஒரு பங்கினர் வந்தால்தான் கோரம். ஆயிரம் பேர் உள்ள கம்பெனி என்றால் 250 பேர் நேரில் வர வேண்டும். அறுவடைக் காலத்தில் 250 பேரை மண்டபத்தில் உட்கார வைப்பது எவ்வளவு கஷ்டம் என்பது ஊரில் இருப்பவர்களுக்குத் தெரியும். எண்ணிக்கை காட்டுவதற்காகச் சந்தைக்கு வந்தவர், தெருவில் போனவர் எல்லோரையும் உறுப்பினராகச் சேர்த்த கம்பெனிகள் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான். ஆள் வராவிட்டால் வருகைப் பதிவேட்டில் யாரோ கையெழுத்துப் போடுவார்கள். அது மோசடி. உண்மையாக வெங்காயம் போடுகிற முந்நூறு பேர், பெயருக்குச் சேர்ந்த ஆயிரம் பேரைவிட மேல்.

இயக்குநர் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும், வருடத்துக்கு நான்கு கூட்டம் கட்டாயம். ஒவ்வொன்றுக்கும் தீர்மானப் புத்தகத்தில் பதிவு இருக்க வேண்டும்.

பொதுக்குழு முடிந்ததும் இரண்டு தாக்கல்கள் முக்கியமானவை. ‘ஏ.ஓ.சி-4’ என்ற படிவத்தில் வரவு செலவுக் கணக்கு, ‘எம்.ஜி.டி-7’ என்ற படிவத்தில் ஆண்டு அறிக்கை. பொதுவாக முதலாவதற்கு 30 நாள், இரண்டாவதற்கு 60 நாள் அவகாசம். தாமதமானால் ஒரு படிவத்துக்கு ஒரு நாளைக்கு 100 ரூபாய் கூடுதல் கட்டணம். நூறு ரூபாய்தானே என்று தோன்றும். இதற்கு உச்சவரம்பு கிடையாது. இரண்டு படிவம் ஒரு வருடம் தாமதமானால் 73,000 ரூபாய். மூன்று வருடக் கணக்கும் போடாமல் கிடந்து, மூன்றாம் வருடத்துப் படிவமும் ஒரு வருடம் பிந்திய பிறகு உட்கார்ந்து கணக்குப் பார்த்தால், முதல் வருடத்துக்கு மூன்று வருடத் தாமதம், இரண்டாம் வருடத்துக்கு இரண்டு, மூன்றாம் வருடத்துக்கு ஒன்று. ஆக 4,38,000 ரூபாய். கம்பெனி ஒரு கிலோ வெங்காயம்கூட விற்காமல் சும்மா இருந்திருந்தாலும் இதே தொகைதான். ‘வியாபாரமே நடக்கலையே, எதுக்குக் கணக்கு?’ என்ற கேள்விக்குச் சட்டத்தில் இடமில்லை. வியாபாரம் இல்லை என்பதையும் கணக்காக எழுதிக் கொடுக்க வேண்டும்.

தொடர்ந்து மூன்று நிதியாண்டுகளுக்குக் கணக்கும் ஆண்டு அறிக்கையும் தாக்கல் செய்யாத கம்பெனியின் டைரக்டர்கள் ஐந்து வருடத்துக்குத் தகுதி இழப்பார்கள். அந்தக் காலத்தில் வேறு எந்தக் கம்பெனியிலும் டைரக்டராக நியமிக்கப்பட முடியாது. 2017-ல் மத்திய அரசு இந்த விதியைக் கையில் எடுத்தபோது, நாடு முழுவதும் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட டைரக்டர்கள் தகுதி இழந்தார்கள். கட்டுரையின் தொடக்கத்தில் வந்த ‘மாமா’வின் மகன் பின்னாளில் டவுனில் தொழில் தொடங்கி, அப்பாவையும் அதில் டைரக்டராகப் போட நினைத்தால் அப்போதுதான் இது தெரியவரும்.

பணம் எங்கே முட்டும்?

முந்நூறு பேர் ஆளுக்கு 2,000 ரூபாய் போட்டால் 6 லட்சம் ரூபாய். பெரிய தொகையாகத்தான் தெரியும். பத்து டன் லாரி ஒன்றுக்கு வெங்காயம் ஏற்றி, கிலோ 30 ரூபாய் என்று விவசாயிக்குக் கையோடு பணம் கொடுத்தால், ஒரு லாரிக்கு 3 லட்சம். இரண்டாவது லாரி போகும்போதே பெட்டி காலி. வாங்கியவர் பணம் அனுப்ப இருபது நாள் ஆகும். மூன்றாவது லாரிக்கு உறுப்பினர் வெங்காயத்தோடு வந்து நின்றால் கொடுக்கப் பணமில்லை. அவர் மண்டிக்குப் போவார். அடுத்த முறை அவர் நேராக மண்டிக்கே போய்விடுவார். ஆர்வத்தோடு ஆரம்பித்த கம்பெனிகள் முடங்குவதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேட வேண்டியதில்லை.

இதற்குச் சட்டமே ஒரு வழி வைத்திருக்கிறது. சரக்கு கொடுக்கும்போது முழு விலையும் கொடுக்க வேண்டியதில்லை. இயக்குநர் குழு தீர்மானிக்கும் தொகையை முதலில் கொடுத்துவிட்டு, மீதியை நிறுத்தி வைத்துப் பிறகு ரொக்கமாகவோ, பொருளாகவோ, பங்காகவோ கொடுக்கலாம். முப்பது ரூபாய் வெங்காயத்துக்கு உடனே 24 ரூபாய், பணம் வந்ததும் 6 ரூபாய் என்று வைத்தால், அதே 6 லட்சத்தில் இன்னும் ஐந்து டன் சேர்த்து வாங்க முடியும். ஆனால் இதை முதல் பட்டத்திலேயே சொல்லிப் பழக்கியிருக்க வேண்டும். பாதியில் சொன்னால் ‘நம்ம காசைப் பிடிச்சுக்கிட்டாங்க’ என்ற பேச்சுதான் வரும்.

லாபம் வந்தால் முதலில் பொதுக் காப்பு நிதிக்கு ஒதுக்க வேண்டும். பங்குக்குத் தரும் பலனுக்குக் கம்பெனி விதிமுறைகளில் எழுதியுள்ள வரம்பு உண்டு. மீதமுள்ள உபரியை, யார் எவ்வளவு சரக்கு கம்பெனிக்குக் கொடுத்தார்களோ அந்த விகிதத்தில் ஊக்கத்தொகையாகப் பிரித்துக் கொடுக்கலாம். நிறையப் பங்கு வாங்கிவிட்டுச் சரக்கை வெளியே விற்பவருக்கு இதில் பங்கில்லை. ஆளுக்கு ஓர் ஓட்டு போலவே இதுவும் நியாயமான ஏற்பாடு.

ஒவ்வொரு உற்பத்தியாளர் கம்பெனிக்கும் முழுநேரத் தலைமைச் செயல் அலுவலர் இருக்க வேண்டும். அவர் உறுப்பினராக இருக்கக் கூடாது. உறுப்பினர் வீட்டுப் படித்த பிள்ளையாக இருக்கலாம். ஆனால் அவருக்கு மாதச் சம்பளம் கொடுத்தாக வேண்டும். அரசு உதவி இருக்கும் வரை சம்பளம் போகும், உதவி நின்ற மாதம் ஆளும் நின்றுவிடுவார். எனவே மூன்று வருடத்துக்குள் அந்தச் சம்பளத்தைச் சொந்த வியாபாரத்திலிருந்து கொடுக்கும் அளவுக்கு வளர வேண்டும். உரக்கடை, விதை விற்பனை, டிராக்டர் வாடகை போன்றவை வருடம் முழுக்கச் சின்ன வருமானம் தருவதால், பல கம்பெனிகள் அதில்தான் ஆரம்பிக்கின்றன. உரம், விதை, பூச்சிக்கொல்லி ஒவ்வொன்றுக்கும் வேளாண்மைத் துறையின் தனித்தனி உரிமம் வேண்டும். பூச்சிக்கொல்லிக்கு உரிய கல்வித் தகுதி உள்ள ஆளும் இருக்க வேண்டும்.

அரசு உதவி

பத்தாயிரம் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் அமைக்கும் மத்திய அரசுத் திட்டம் 2020 பிப்ரவரியில் தொடங்கியது. மொத்த ஒதுக்கீடு 6,865 கோடி ரூபாய். சமவெளியில் குறைந்தது 300 உறுப்பினர், மலைப் பகுதியில் 100 உறுப்பினர் என்பது இத்திட்டத்தின் விதி. மூன்று வருடத்துக்கு நிர்வாகச் செலவுக்காக 18 லட்சம் ரூபாய் வரை தருவது, உறுப்பினர் போடும் பங்குத் தொகைக்குச் சமமாக ஆளுக்கு 2,000 ரூபாய் வரை, ஒரு நிறுவனத்துக்கு 15 லட்சம் ரூபாய் வரை மானியம் தருவது, வங்கிக் கடனுக்கு 2 கோடி ரூபாய் வரை உத்தரவாத வசதி ஆகியவை இதில் அடங்கும். பத்தாயிரம் என்ற இலக்கு 2025 பிப்ரவரியில் எட்டப்பட்டுவிட்டது. ஆகவே, இனிமேல் பதிவு செய்கிறவர்கள் இந்தப் பணத்தை நம்பிக் கணக்குப் போட வேண்டாம். மாவட்டத்தில் உள்ள வேளாண் வணிக துணை இயக்குநர் அலுவலகத்திலும், நபார்டு வங்கியின் மாவட்ட வளர்ச்சி மேலாளரிடமும் இப்போது எந்த உதவி நடப்பில் இருக்கிறது என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

வாசகர் கேள்விகள்

எனக்குச் சொந்த நிலம் இல்லை. குத்தகைக்குப் பயிர் செய்கிறேன், பத்து ஆடு இருக்கிறது. நான் சேரலாமா?

சேரலாம். உற்பத்தியில் ஈடுபடுகிறவரா என்பதுதான் கேள்வி, பட்டா அல்ல. குத்தகைச் சான்று அல்லது கிராம நிர்வாக அலுவலரிடம் பெறும் சான்றை வைத்துக்கொள்ளுங்கள்.

என் கணவர் பெயரில் பங்கு இருக்கிறது. அவருக்குப் பிறகு அது என்ன ஆகும்?

உறுப்பினரான மூன்று மாதத்துக்குள் வாரிசுதாரரை நியமிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அப்படி நியமித்திருந்தால் பங்கு அவருக்கு வரும். அவர் உற்பத்தியாளராக இல்லாவிட்டால் பங்கை ஒப்படைத்துவிட்டுப் பணமாகப் பெற்றுக்கொள்ளுமாறு இயக்குநர் குழு சொல்லும். உங்கள் கணவர் அந்த நியமனத்தைச் செய்திருக்கிறாரா என்று இப்போதே கம்பெனியில் கேளுங்கள்.

கம்பெனியிலிருந்து உறுப்பினர்கள் கடன் வாங்க முடியுமா?

முடியும். விதிமுறைகளில் இடமிருந்தால், தொழில் சம்பந்தமாக ஆறு மாதம் வரை கடன் வசதி, பிணை கொடுத்தால் மூன்று மாதத்திலிருந்து ஏழு வருடம் வரை திருப்பிக் கட்டும் கடன் என இரண்டு வகை உண்டு. டைரக்டருக்கோ, அவரது உறவினருக்கோ என்றால் பொதுக்குழுவின் ஒப்புதல் வேண்டும்.

ஆறு வருடத்துக்கு முன்பு என்னை ஒரு கம்பெனியில் டைரக்டராகச் சேர்த்தார்கள். இப்போது அது நடக்கிறதா, இல்லையா என்றே தெரியவில்லை. நான் என்ன செய்வது?

முதலில் கம்பெனியின் நிலையைப் பாருங்கள். கார்ப்பரேட் விவகாரங்கள் அமைச்சக இணையதளத்தில் கம்பெனிப் பெயரைப் போட்டால், அது செயல்பாட்டில் இருக்கிறதா, நீக்கப்பட்டதா, கடைசிப் பொதுக்குழு எந்தத் தேதியில் நடந்தது, கடைசியாக எந்த வருடக் கணக்கு தாக்கல் ஆனது, டைரக்டர்கள் யார் என்ற விவரங்கள் இலவசமாகவே கிடைக்கும். வீட்டில் செல்போன் பார்க்கத் தெரிந்த பிள்ளைகள் பத்து நிமிடத்தில் எடுத்துத் தருவார்கள். அதை அச்செடுத்துக்கொண்டு மற்ற டைரக்டர்களைக் கூப்பிட்டு உட்காருங்கள். கம்பெனியை நடத்துவதானால் நிலுவைக் கணக்குகளை எழுதி, ஆடிட் செய்து, தாமதக் கட்டணத்தோடு தாக்கல் செய்ய வேண்டும். மூடுவதானாலும் நிலுவைத் தாக்கல்களையும் கடன்களையும் முடித்த பிறகுதான் பெயரை நீக்கும்படி விண்ணப்பிக்க முடியும். 2020-ல் செய்தது போல, தாமதக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து அரசு சில சமயம் சலுகைத் திட்டம் அறிவிப்பதுண்டு. அதுபோல் இப்போது ஏதும் உண்டா என்று கம்பெனி செக்ரட்டரி ஒருவரிடம் கேளுங்கள். நீங்கள் மட்டும் விலக நினைத்தால், இயக்குநர் குழுவுக்கு எழுத்து மூலம் ராஜினாமா கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பி, அது கம்பெனிப் பதிவாளரிடம் பதிவாகிறதா என்று பாருங்கள். விலகினாலும், நீங்கள் பொறுப்பில் இருந்த காலத்துத் தவறுகளுக்கான பொறுப்பு போகாது. உங்கள் டிஜிட்டல் சிக்னேச்சர் யாரிடம் இருக்கிறது என்பதை விசாரித்துக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள்.